அலமேலு: ஒரு பழைய பெண்பெயர், பத்துக் கேள்விகள்

அலமேலு தமிழ்ப் பெயரா, தெலுங்குப் பெயரா? வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை நடக்கிறது.

பிறந்தது தமிழில், ஊர் சுற்றியது தெலுங்கிலும் கன்னடத்திலும். முழுப்பெயர் அலர்மேல்மங்கை. அலர் என்றால் மலர்ந்த பூ, இங்கே தாமரை. அதன் மேல் வீற்றிருக்கும் மங்கை, அதாவது திருமகள். நம்மாழ்வார் திருவாய்மொழியில் (6.10.10) 'அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா' என்று திருவேங்கடத்தானை அழைக்கிறார். 'நொடிப்பொழுதும் பிரிந்திருக்க மாட்டேன்' என்று சொல்லித் தாயார் மார்பில் குடியிருக்கிறாள். தாமரையில் பிறந்தவள், தாமரையை விட்டுவிட்டு அந்த மார்பைத் தேர்ந்துகொண்டாள். பெயரில் மட்டும் பழைய முகவரி தங்கிவிட்டது. வைணவ உரைகள் இந்தப் பாசுரத்தைச் சரணாகதியின் உச்சமாகப் போற்றுவதால் பெயரும் வீடுவீடாகப் பரவியது.

திருமலையில் தாயாருக்குத் தனிச் சன்னதி இல்லை; பெருமாளின் மார்பிலேயே இருக்கிறாள். தனிக்கோயில் கீழே திருச்சானூரில். அந்த ஊருக்கே அலமேலுமங்காபுரம் என்றொரு பெயர் உண்டு. அங்கே வடமொழிப் பெயர் பத்மாவதி. இரண்டு பெயரிலும் தாமரைதான் இருக்கிறது.

அலர்மேல் எப்படி அலமேலு ஆனது? நடுவில் இருந்த 'ர்' எங்கே போனது?

பேச்சில் தேய்ந்துபோனது. 'ர்ம' என்று இரண்டு மெய் நெருங்கும் இடத்தில் வேகமாகப் பேசும் நாக்கு 'ர்'ஐ விழுங்கிவிடும். அலமேல் மிஞ்சியது. பிறகு பால் 'பாலு' ஆவதுபோல, கால் 'காலு' ஆவதுபோல, கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டது. மங்கை என்பது தெலுங்கில் 'மங்க' ஆகி, தமிழ்நாட்டுக்குத் திரும்பி வரும்போது 'மங்கா' ஆனது. அலமேலுமங்கா என்று எழுதுகிறவர்கள் முன்பாதியைத் தமிழிலும் பின்பாதியைத் தெலுங்கு வழியாகவும் எழுதுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை: வெறும் 'அலமேலு' என்று கூப்பிட்டால் 'பூவின் மேல்' என்று மட்டுமே பொருள். மேல் என்பது ஏழாம் வேற்றுமை உருபு. உருபோடு நின்றுபோன பெயர்கள் தமிழில் அபூர்வம். பூவின் மேல் இருந்தவளை விட்டுவிட்டு இடத்தை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழைய அச்சுப் புத்தகம் ஒன்றில் 'அலர்மேன்மங்கை' என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. 'ல்' முன் 'ம' வந்தால் 'ன்' ஆகும்: மேல் + மை = மேன்மை. அந்தப் புணர்ச்சி விதிப்படி எழுதிய வடிவம் அது. இன்று அப்படிப் பெயர் வைத்தால் எல்லோரும் 'மேன்மை' என்றே பொருள் கொள்வார்கள். அதனால் பரிந்துரைக்க மாட்டேன்.

லட்சுமி பாற்கடலில் தோன்றியதால் 'அலைமேல்மங்கை' என்பதுதான் சரி என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். பாசுரத்தில் இருப்பது அலர்.

சங்க இலக்கியத்தில் 'அலர்' என்றால் ஊரார் பேசும் பழி என்று கல்லூரியில் படித்தேன். குழந்தைக்கு அந்தச் சொல்லை வைக்கலாமா?

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே சொல்தான். திருக்குறளிலும் 'அலரறிவுறுத்தல்' என்று 115-ஆம் அதிகாரமே இருக்கிறது. காதலைப் பற்றி ஊர் அரசல்புரசலாக முணுமுணுத்தால் அம்பல். ஊரறிய விரிந்துவிட்டால் அலர். மொட்டு பூவாக விரிவதைப் பார்த்துத்தான் வதந்தி விரிவதற்கும் அந்தச் சொல்லைக் கொடுத்தார்கள். விரிதல் அடிப்படைப் பொருள், பழி அதிலிருந்து வந்த கிளை. 'மேல்மங்கை' சேர்ந்துவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. தனியாக 'அலர்' என்று மட்டும் பெயர் வைப்பதாக இருந்தால், தமிழாசிரியர் ஒருவர் என்றைக்காவது புருவம் உயர்த்துவார் என்பதற்குத் தயாராக இருங்கள்.

இது ஐயங்கார் வீட்டுப் பெயர்தானே?

பத்திரிகைத் துணுக்குகளில் வரும் 'அலமேலு மாமி' ஏற்படுத்திய எண்ணம் அது. திருப்பதி ஏழுமலையானைக் குலதெய்வமாகக் கும்பிடும் வீடுகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. அங்கெல்லாம் இந்தப் பெயரும் உண்டு. செட்டிநாட்டில் அலமேலு ஆச்சிகளைப் பார்க்கலாம். அண்ணனுக்கு வெங்கடாசலம் அல்லது திருவேங்கடம், தங்கைக்கு அலமேலு என்று ஜோடியாக வைப்பதும் வழக்கம். தெலுங்கில் 15-ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் பாடிய சங்கீர்த்தனங்களில் அலமேலுமங்க திரும்பத் திரும்ப வருகிறாள். பல பாடல்கள் அவள் காதலைச் சொல்பவை. ஆந்திர வீடுகளில் இந்தப் பெயர் ஊன்றியதில் அந்தப் பாடல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மைசூர் சாபம் கொடுத்த பெண்ணின் பெயர் அலமேலு என்கிறார்கள். ராசியில்லாத பெயரா?

அலமேலம்மா. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விஜயநகரப் பிரதிநிதியாக இருந்த திருமலராயனின் மனைவி. 1610-இல் மைசூர் மன்னர் ராஜ உடையார் அந்த ஊரைக் கைப்பற்றினார். பிறகு நகைகளைக் கேட்டு ஆட்களை அனுப்ப, அலமேலம்மா நகைகளோடு காவிரியில் குதித்தார் என்பது கதை. 'தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் மன்னர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும்' என்றாராம். தலக்காட்டுக் கோயில்கள் மணலில் புதைந்தது உண்மை, சாபம் நம்பிக்கை. அந்தக் கதையை அப்படியே நம்பினாலும் அநியாயம் செய்தவர் அலமேலம்மா இல்லையே! பெயர் மீது பழி போட ஒன்றும் இல்லை.

திருமங்கையாழ்வார் பெயரில் உள்ள மங்கையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது ஊர்ப்பெயர்.

கொள்ளுப்பாட்டி அலமேலுவின் பெயரைப் பழைய பத்திரங்களில் தேடுகிறேன். எங்கும் கிடைக்கவில்லை.

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. அலமேலம்மாள், அலமேலு அம்மாள், அலமேல்மங்கை, அலமேலுமங்கைத் தாயாரம்மாள் என்று எல்லா வடிவத்திலும் பாருங்கள். வெறும் மங்கை, மங்கம்மாள் என்று பின்பாதி மட்டும் பதிவாகியிருக்கலாம். எல்லையோர மாவட்டம் என்றால் தெலுங்கில் 'அலிவேலு' என்ற வடிவம் கட்டாயம் தேடவேண்டும். 'ம' அங்கே 'வ' ஆகிவிடும், பட்டியலில் கண்ணில் படாமல் தப்புவது பெரும்பாலும் இதுதான். ஆங்கிலப் பதிவில் 'ஆர்' எழுத்து உள்ளது, இல்லாதது இரண்டையும் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் வீட்டுப்பெயர். பேத்திக்குப் பாட்டி பெயரை வைத்தால், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் குழந்தையைப் பாப்பா, அம்மாளு என்று வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். அலமு என்ற சுருக்கம்கூட அந்த வீடுகளில் வராது. அந்தக் கூப்பிடு பெயரே கையெழுத்தாகப் போய்விடுவதும் உண்டு. ஆகவே பெயரை விட்டுவிட்டு, தகப்பனார் அல்லது கணவர் பெயரையும் கிராமத்தையும் வைத்துத் தேடுங்கள். 'இன்னார் சம்சாரம்' என்ற குறிப்பு பத்திரங்களில் பெயரைவிட நம்பகமானது.

மகளுக்கு வைக்கப் போகிறோம். அலமேலுவா, அலர்மேல்மங்கையா? பள்ளியில் கேலி செய்வார்களோ என்று மனைவி பயப்படுகிறார்.

பதிவில் முழு வடிவம், வீட்டில் சுருக்கம் என்பது என் கட்சி. அலர்மேல்மங்கை என்று எழுதினால் பொருள் தானாகத் தெரியும், கிழவி பெயர் என்ற எண்ணமும் வராது. பரதக் கலைஞர் அலர்மேல் வள்ளியின் பெயரைக் கேட்டு யாருக்கும் பழசு என்று தோன்றுவதில்லை. 'ர்' ஒன்றைத் திரும்பச் சேர்த்ததிலேயே பெயர் புதிதாகிவிடுகிறது.

முழுப்பெயர் நீளம் என்றால் இதே வழியில், கோயில் தாயார் பெயர்களிலிருந்து எடுக்கலாம்: குடந்தை சாரங்கபாணி கோயிலின் கோமளவல்லி, திருவல்லிக்கேணி வேதவல்லி, காஞ்சிபுரம் பெருந்தேவி, மன்னார்குடி செங்கமலத் தாயார். பெருந்தேவி எனக்கு மிகவும் பிடித்தது; கம்பீரமான பெயர், ஏனோ யாரும் வைப்பதில்லை.

அலர்மேல்மங்கைதான் என்று முடிவானால், பிறப்புப் பதிவில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகக் கொடுங்கள். 'அலர்மேல்' ஒரு சொல், 'மங்கை' இன்னொரு சொல் என்று பிரித்தால் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் மங்கை குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். விமானச் சீட்டில் உங்கள் மகள் 'மிஸ் மங்கை' ஆவாள். ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே தாளில் எழுதி முடிவுசெய்து, ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். எண்கணிதத்துக்காக இடையில் ஓர் எழுத்தைக் கூட்டுவது, பின்னாளில் அரசிதழில் பெயர் மாற்ற விளம்பரம் கொடுக்கும் வேலையில் கொண்டுபோய் விடும். அவசரமும் வேண்டாம்: பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு.