மாற்ற மேலாண்மையை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு விரைவில் புதிய மென்பொருளுக்கு மாறுகிறது. ஊழியர்களைத் தயார்ப்படுத்தும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மாற்ற மேலாண்மை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சான்றிதழ்ப் படிப்பில் சேரலாமா?

பதில்: சான்றிதழ் சில மாதங்கள் காத்திருக்கலாம். முதலில், 1948இல் லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்ச் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்தில் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை ஒன்றில், வேலைமுறை மாறப்போகிறது என்று ஒரு குழுவினருக்கு அறிவிக்க மட்டும் செய்தார்கள். வேறு குழுக்களையோ அந்த மாற்றத்தைத் திட்டமிடுவதிலேயே பங்கேற்க வைத்தார்கள். முதல் குழுவில் உற்பத்தி சரிந்து எழாமலே நின்றது. 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டுப் போனார்கள். பங்கேற்ற குழுக்களில் அந்த நாட்களில் ஒருவரும் விலகவில்லை. அனைவரும் நேரடியாகப் பங்கேற்ற குழுக்களின் உற்பத்தி விரைவில் மீண்டு, பழைய அளவையும் தாண்டியது. மாற்றத்தை ஊழியர்களுக்கு அறிவித்தால் போதுமா, அவர்களோடு சேர்ந்து திட்டமிட வேண்டுமா என்ற இத்துறையின் மையக் கேள்வியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறொன்றை நான் அறியேன்.

அதன்பின், மாற்றத்தை எப்படி நடத்துவது என்று வகுத்துச் சொல்லும் மாதிரிகளுக்கு வாருங்கள். 1996இல் மேலாண்மை அறிஞர் ஜான் காட்டர் நூலாக விரித்த எட்டுப் படிகள், தலைமை செய்ய வேண்டியதைச் சொல்கின்றன. உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது ‘அட்கார்’ (ADKAR) மாதிரி. மாற்றம் ஏன் தேவை என்ற விழிப்பு, அதில் ஈடுபடும் விருப்பம், அறிவு, செயல்திறன், அதை நிலைநிறுத்தும் வலுவூட்டல் என ஐந்தையும் அது தனி ஊழியரிடம் பார்க்கச் சொல்கிறது. விருப்பமே பிறக்காதவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு, அவர் கற்கவில்லை என்று குறைப்படுவதுதான் மென்பொருள் மாற்றங்களில் நான் அடிக்கடி காணும் தவறு. மாற்ற ஆலோசகர் வில்லியம் பிரிட்ஜஸின் நூல்களையும் படியுங்கள்; எந்த மாற்றமும் மனிதருக்கு ஓர் இழப்பில்தான் தொடங்குகிறது என்பதை அவர் பரிவோடு விளக்குகிறார்.

மாற்ற முயற்சிகளில் 70 விழுக்காடு தோற்கின்றன என்ற வாசகத்தைப் பல இடங்களில் காண்பீர்கள். அந்த எண்ணுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று ஆய்வாளர் மார்க் ஹியூஸ் 2011இல் எழுதியிருக்கிறார். உங்கள் அறிக்கைகளில் அதைச் சேர்க்காதீர்கள்.

படிப்போடு கூடவே, கணக்குப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றும் இருவரிடம் இந்த வாரமே பேசுங்கள். புதிய மென்பொருளின் நன்மைகளை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல முற்படாமல், பழைய முறை போனால் எந்த வேலை கைவிட்டுப் போகும், எந்தத் தேர்ச்சிக்கு மதிப்பில்லாமல் போகும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதி, அடுத்த குழுக் கூட்டத்தில் முன்வையுங்கள்.