பரணுக்கு எந்த வெப்பக் காப்பு?

கேள்வி: எங்கள் சாய்வுக் கூரை வீட்டின் பரணில் நான்கு அங்குலக் கண்ணாடி இழைப் பாய் கிடக்கிறது. குளிரூட்டவும் சூடேற்றவும் ஆகும் செலவு தாங்கவில்லை. ஸ்ப்ரே ஃபோம்தான் (தெளித்ததும் நுரைத்து இறுகும் காப்பு) சிறந்தது என்கிறார் ஒப்பந்தக்காரர். அதையே போடலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு அநேகமாக அது தேவைப்படாது. எந்தப் பொருள் என்று யோசிப்பதற்கு முன், உட்கூரையில் உள்ள ஓட்டைகளைத் தேடுங்கள். மின்கம்பிகளும் குழாய்களும் மேலே ஏறும் இடங்கள், விளக்குகளுக்காக வெட்டிய துளைகள், சுவரின் தலைப்பகுதி ஆகியவற்றின் வழியே காசு கொடுத்துப் பதப்படுத்திய காற்று பரணுக்குப் போய்விடுகிறது. கண்ணாடி இழை அதைத் தடுக்காது. வடிகட்டி அனுப்பும், அவ்வளவுதான். பாயைத் தூக்கிப் பார்த்தால் கசிவுள்ள இடம் அழுக்கேறிக் கருத்திருக்கும். அங்கே சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை) வையுங்கள். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் தகரமும் தீ தாங்கும் சீலன்ட்டும் வேண்டும்.

அடுத்தது தடிமன். வெப்பத்தைத் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்கிறார்கள். கண்ணாடி இழைப் பாய், செல்லுலோஸ் (துண்டாக்கிய காகித இழை), பாறைக் கம்பளி (பாறையை உருக்கி இழுத்த இழை) மூன்றும் அங்குலத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 4 வரை தரும்; கெட்டியான ஸ்ப்ரே ஃபோம் 6-க்கு மேல். (மெட்ரிக் அளவில் அச்சிட்ட எண் இதில் ஆறில் ஒரு பங்கு அளவே இருக்கும், இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள்.) இப்போது உட்கூரை வழியே 100 பங்கு வெப்பம் கடப்பதாக வைத்துக்கொள்வோம். காப்பை 12 அங்குலமாக்கினால் அது 33 ஆகும். 24 அங்குலமாக்கினால் 17. முதலில் சேர்த்த எட்டு அங்குலம் 67 பங்கை மிச்சப்படுத்துகிறது; அடுத்துச் சேர்க்கும் பன்னிரண்டு அங்குலம் வெறும் 16-ஐ. கடுங்குளிர்ப் பகுதி என்றால் கூடுதல் தடிமனுக்கு நியாயம் உண்டு. மற்றவர்களை ‘இன்னும் கொஞ்சம் போடுங்கள்’ என்று விற்பனையாளர் வற்புறுத்தினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பரணில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்றால், அங்குலத்துக்கு 6 தரும் விலை உயர்ந்த பொருள் எதற்கு? குளிர்சாதனக் குழாய்கள் பரணிலேயே ஓடினால் கூரைச் சரிவின் அடியில் ஃபோம் அடிப்பது பொருத்தம்தான். இல்லையென்றால் என் தேர்வு, ஊதித் தூவும் செல்லுலோஸ். கம்பிகளுக்கும் உத்திரங்களுக்கும் இடையிலான சந்துகளை அது தானே நிரப்பும். நாளடைவில் அமுங்கும் என்பதால், அமுங்கிய பின் எத்தனை அங்குலம் நிற்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நீங்களே செய்வதானால் பாய் வசதி: உத்திரங்களுக்குக் குறுக்காக விரியுங்கள், அமுக்கித் திணிக்காதீர்கள். பழைய பாய் ஈரமில்லாமல் இருந்தால் அதன் மேலேயே போடலாம்.

வெயில் கொளுத்தும் பகுதியில் கூரையின் அடியில் பளபளப்புத் தாளும் உதவும். ஆனால் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி வேண்டும். தூசி படிந்தால் பயன் குறையும்.

காப்பை உட்கூரை மேல் போடும்போது இறவாரத்துக் காற்றுத் துவாரங்களை எதுவும் மூடக்கூடாது; ஈரம் தேங்கி மரம் உளுத்துவிடும். குளியலறை விசிறியின் குழாய் பரணிலேயே முடிந்தால், அதை வெளியே நீட்டிய பிறகே காப்பு போடுங்கள். பொடிக் கற்கள் போல மின்னும் பழைய வெர்மிகுலைட் (ஒரு கனிமக் காப்பு) கிடந்தால் தொட வேண்டாம்; ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும், முதலில் பரிசோதிக்க வேண்டும்.

பரணுக்கு ஏறும் கதவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் முதுகில் ஃபோம் பலகை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை பதித்துவிடுங்கள்.