ஒரே வீட்டில் அறைக்கு அறை மாறும் வெப்பம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செந்தூலில் எங்களுடையது ஈரடுக்கு வரிசை வீடு, கோர்னர் லோட். பக்கச் சுவர் மேற்கைப் பார்த்தது. இரவில் கீழ்த்தளம் இதமாக இருக்க, மாடிப் படுக்கையறை மட்டும் 11 மணிக்கும் புழுங்குகிறது. கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: தாளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெயில் அடித்த ஒரு நாளில், பிற்பகல் 3 மணிக்கு உட்கூரையைத் தொடுங்கள். இரவு 9 மணிக்கு அதே உட்கூரையையும் மேற்குச் சுவரையும் தொட்டு ஒப்பிடுங்கள். நம் ஊர் வெயிலில் கூரை ஓடு 50 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறி, அந்த வெப்பத்தைக் கதிர்வீச்சாக உட்கூரையின் மேல் இறக்குகிறது. ஆனால் ஓடும் உட்கூரைப் பலகையும் மெல்லியவை என்பதால், பொழுது சாய்ந்த பிறகு அவை விரைவாகவே ஆறிவிடும். செங்கல் சுவரின் இயல்பு வேறு. பிற்பகல் முழுவதும் வாங்கிய வெயிலை அது தனக்குள் வைத்திருந்து, சில மணி நேரம் கழித்துத்தான் அறைக்குள் விடுகிறது. நீங்கள் சொல்லும் நேரத்தைப் பார்க்கும்போது, கூரையைவிடச் சுவரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

சுவர்தான் காரணம் என்று தெரிந்தால், வெயில் அதன்மேல் படாமல் வெளியிலேயே மறைப்பதுதான் சரியான வழி. சுவருக்கு ஓர் அடி தள்ளிச் சட்டம் அமைத்துக் கொடி படர விடலாம். அல்லது வெளிப்புறத்துக்கு வெள்ளையோ வேறு வெளிர் நிறமோ பூசலாம். சோதனையில் உட்கூரையும் கடுமையாகச் சுட்டால் தாளும் போடுங்கள். ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஏறத்தாழ 25 மில்லிமீட்டராவது காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். என் வீட்டுக்கு வந்த குத்தகையாளர் ஒருவர் தாளை ஓட்டோடு ஒட்டினாற்போல் பதித்துவிட்டுப் போனார். பிரித்து மறுபடி கட்டும்வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பளபளப்பான பக்கம் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெப்பத்தைத் தடுக்காது, அப்படியே கடத்திவிடும். பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருப்பதும் நல்லது, தூசி படியாது. ஓட்டைப் பிரிக்க முடியாத வீடுகளில் உட்கூரையின் மேல் கண்ணாடிக் கம்பளி விரிக்கலாம். அப்போது உட்கூரைக்குள் பதித்த விளக்குகளை அது மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடப்பட்ட விளக்கு அளவுக்கு மீறிச் சூடேறும்.

கேள்வி: செராஸில் கொண்டோவில் குடியிருக்கிறோம். கிழக்கு அறையில் 1 குதிரைத்திறன் ஏர்கோன் போதுமானதாக இருக்கிறது. அதே அளவுள்ள மேற்கு அறையில் 1.5 குதிரைத்திறன் போட்டும் மாலையில் குளிரவில்லை. இன்னும் பெரியதாக மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 1 குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறத்தாழ 9,000 பி.டி.யு., அதாவது சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். 3 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடியின் மேல் மாலை வெயில் நேராக விழுந்தால், அதன் வழியே மட்டும் ஏறத்தாழ 1 கிலோவாட் உள்ளே வரும். இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே அதன் எதிரில் ஓர் அடுப்பையும் எரிய விடுவது போன்ற நிலை அது. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியை ஒட்டி மறைகிறது. மாலையில் அது தாழ்ந்து வருவதால், சன்னலுக்கு மேலே நீட்டிய சரிவு எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயன் குறைவு. உள்ளே தொங்கும் திரையும் தாமதமான உதவிதான், ஏனென்றால் அதற்குள் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. வெளிப்புறத்தில் இறக்கி ஏற்றும் மறைப்பு சிறந்தது. கட்டட நிர்வாகம் அதற்கு அனுமதி தராவிட்டால், வெப்பத்தைத் தடுக்கும் தரமான கண்ணாடிப் படலம் ஒட்டுங்கள். கறுப்பாக இருப்பதாலேயே ஒரு படலம் நல்லதாகிவிடாது. மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை விழுக்காட்டை அது தடுக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகும் குளிரவில்லை என்றால் ஏர்கோனைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: ஆளில்லாத அறையில் மின்விசிறியை ஓட விட்டால், இரவுக்குள் அறை குளிர்ந்திருக்குமா?

பதில்: குளிராது. மின்விசிறி நம் தோலின் வியர்வையை உலர்த்தி நமக்குக் குளிர்ச்சியைத் தருகிறது; அறைக்கு அது தன் மோட்டாரின் சூட்டைத்தான் சேர்க்கிறது. அறையை விட்டு வெளியேறும்போது நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஜார்ஜ் டவுனில் தாத்தா காலத்துக் கடைவீடு எங்களுடையது. மழைக்காக நடு முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடினோம். அதன் பிறகு பின்கட்டு தாங்க முடியாத வெப்பமாகிவிட்டது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஒடுங்கி நீண்ட கடைவீட்டுக்கு இருபுறமும் பொதுச்சுவர். அங்கே சன்னலுக்கு வழியில்லை. அதனால்தான் அன்று கட்டியவர்கள் நடுவில் வானத்தைத் திறந்து வைத்தார்கள். சூடான காற்று அந்த வழியே மேலேறிப் போக, முன்வாசல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வந்தது. இப்போது தகடு வெயிலை உள்ளே விட்டு, காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தகடு இல்லாமல் முடியாது என்றால், அதைச் சுற்றுக் கூரையைவிட ஓர் அடிக்கு மேல் உயர்த்தி, நான்கு பக்கமும் மழைச்சாரல் புகாத சாய்வுப் பலகைகள் வைத்துக் காற்று போக விடுங்கள். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் வீடு அந்த எல்லைக்குள் இருந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடம் விசாரித்து அனுமதி பெறுங்கள்.

கேள்வி: ஆயர் ஈத்தாமில் அம்மாவின் சிறிய அறையில் 2 குதிரைத்திறன் ஏர்கோன் இருக்கிறது. கூடத்தில் வியர்க்கிறது, அந்த அறையிலோ அம்மா நடுங்குகிறார். சுவரில் பூஞ்சையும் பிடிக்கிறது.

பதில்: அறைக்கு மிஞ்சிய ஏர்கோன் சில நிமிடங்களிலேயே காற்றைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. குளிர்ந்த சுவரில் அந்த ஈரம் தங்குவதால் பூஞ்சை பிடிக்கிறது, அம்மாவுக்கும் சில்லென்று உறைக்கிறது. அறை 100 சதுர அடிக்குள் இருந்தால் 1 குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஏர்கோன் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் வகை) போதும். இப்போதுள்ளதைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம். அதுவரை வெப்பநிலையை 26 பாகையில் வைத்து, காற்று நேராகக் கட்டிலின் மேல் விழாதபடி அதன் மடலை மேல்நோக்கித் திருப்பி விடுங்கள். பூஞ்சையை அம்மா அறையில் இல்லாத நேரத்தில், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.