லுக்ரேசியாவின் அடுப்பு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஆபெல் கான்ஸ் 1935இல் எடுத்த லுக்ரேசியா போர்ஜியா படத்தை இரண்டு ராத்திரியாகப் பார்த்து முடித்தேன். 'நெப்போலியன்' எடுத்தவரா இதையும் எடுத்தார் என்று இருந்தது. எல்லோரும் மேடையில் நின்று வசனம் ஒப்பிக்கிறார்கள். சவோனரோலா என்ற துறவியாக வரும் அந்தோனின் ஆர்தோ மட்டும்தான் தூக்கத்தைக் கலைத்தார். மூன்று சந்தேகங்கள். படம் ஏன் இவ்வளவு நாடகத்தனமாக இருக்கிறது? 1953இல் கிறிஸ்தியான் ஜாக் எடுத்த வண்ணப்படத்தையும் பார்க்க வேண்டுமா? போப்பின் மகளான இந்த லுக்ரேசியா உண்மையில் எத்தனை பேருக்கு விஷம் வைத்திருப்பாள்? நெருப்பில்லாமல் புகையாது அல்லவா?

ம.

அன்புள்ள ம.,

சினிமா கேள்விகளுக்கு நான் பதில் போடுவதில்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று என் மேஜைமேல் கிரெகரோவியுஸ் திறந்து கிடந்தார். 1874இல், ஆவணங்களைத் தோண்டியெடுத்து லுக்ரேசியாவுக்காக வாதாடிய ஜெர்மானிய வரலாற்றாசிரியர். பத்து நாளாக அவளோடுதான் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நாடகத்தனமா? பேசும்படம் அப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டிருந்தது, விடுங்கள். 1953 படத்தை கதாநாயகி மார்ட்டின் கரோலின் உடைகளுக்காகப் பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆர்தோ பற்றிச் சொன்னது சரி. அந்தச் சவோனரோலாவை பிளாரன்ஸில் தூக்கிலிட்டு எரித்தது 1498 மே 23. அதற்கு மூன்றே நாள் முன்னால் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து நங்கூரம் போட்டிருந்தான். சம்பந்தமில்லைதான், சும்மா சொல்லத் தோன்றியது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 'வைத்தாளா' என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. 'எத்தனை பேருக்கு' என்கிறீர்கள்! தீர்ப்பை எழுதிவிட்டு எண்ணிக்கை மட்டும் கேட்கிற ஆள் நீங்கள். ஒரே ஒருவருக்கு வைத்தாள் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அவள் பேரில் சொல்லப்படும் அந்த விருந்தும் விஷம் கலந்த ஒயினும் விக்தர் ஹ்யூகோ 1833இல் தன் நாடகத்துக்காகக் கலக்கியது. அதே வருஷக் கடைசியில் தோனிசெத்தி அதை ஓபராவாக்கி மிலானில் மேடையேற்றினார். பாட்டாகிவிட்ட பழியை அப்புறம் யார் துடைப்பது?

அவள் பெயர் கெட்ட அந்தப் புகைக்கு நெருப்பு எங்கே இருந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். 13 வயதில் அவளை ஜொவான்னி ஸ்போர்சாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வரதட்சிணை 31,000 டூக்கட் தங்கக் காசு. நாலே வருஷத்தில் அரசியல் திசை மாறியது, மாமனாருக்கு, அதாவது போப் ஆறாம் அலெக்சாண்டருக்கு, மாப்பிள்ளை வேண்டாதவராகிவிட்டார். தாம்பத்தியமே நடக்கவில்லை, ஆளுக்கு ஆண்மை இல்லை என்று சொல்லித் திருமணத்தை ரத்துசெய்ய ஏற்பாடு. மனுஷன் கொதித்துப்போனார். போப்புக்குத் தன் மகள்மேலேயே ஆசை, அதற்காகத்தான் என்னை விரட்டுகிறார் என்று மிலானில் சொன்னார். அப்படியானால் சாட்சிகள் முன்னால் நிரூபித்துக் காட்டேன் என்று அவருடைய சொந்தக்காரரே யோசனை சொன்னபோது நழுவிவிட்டார். கடைசியில் வரதட்சிணையை நீயே வைத்துக்கொள் என்று ஆசைகாட்டியும், சொந்தக் குடும்பத்தை விட்டே மிரட்டியும் 1497இல் கையெழுத்து வாங்கினார்கள். ரத்து வழக்கில் அவமானப்பட்ட ஒருவர் கத்திய கத்தல், ஐந்நூறு வருஷமாக நீங்கள் சொல்கிற புகை அதுதான். என் சித்தப்பா கல்யாணத்துக்குப் பிறகு குடியை விட்டதற்கே, சித்தி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று தெருவே பேசியது. இடுமருந்து எடுக்கிறவரிடம் அவரைக் கூட்டிக்கொண்டுகூடப் போனார்கள். சித்தி இப்போது இல்லை. அந்தப் பேச்சு இருக்கிறது.

சரி, லுக்ரேசியாவும் விஷமும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற ஓர் இடம் உண்டு, அதையாவது தெரிந்துகொள்ளுங்கள். 1500 ஜூலையில் அவளுடைய இரண்டாவது கணவன், அரகோனின் அல்போன்சோ, புனித பேதுரு ஆலயப் படிகளில் வெட்டுப்பட்டு விழுந்தான். உயிர் மட்டும் இருந்தது. வத்திக்கான் அறையில் கிடத்தி அவளும் நாத்தனார் சாஞ்சாவும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தார்கள். அவன் சாப்பாட்டில் யாரும் எதையும் கலந்துவிடக் கூடாது என்று அந்த இரண்டு பெண்களும் தாங்களே சமைத்தார்கள். போப்பின் மகளும் நேப்பிள்ஸ் அரசரின் மகளும், ஒரு அடுப்பு. ஒரு மாதம் அப்படிக் காத்தார்கள், தேறி எழுந்து உட்காரவும் தொடங்கிவிட்டான். ஆகஸ்ட் 18 அன்று ஏதோ சொல்லி இவர்களை அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு, அவள் அண்ணன் சேசாரேயின் ஆள் மிகெலெத்தோ அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். அவளுக்கு 20 வயது. இப்போது சொல்லுங்கள், எத்தனை பேருக்கு?

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் வயதில் நானும் யோக்கியன் இல்லை. எண்பதுகளில் ஒரு திரைப்படச் சங்கத்தில் இதே படத்தைப் போட்டார்கள், சப்டைட்டில் கிடையாது, அரங்கம் நிரம்பி வழிந்தது. காரணம் லுக்ரேசியாவாக நடித்த எட்விஜ் ஃபொய்யேரின் குளியல் காட்சி. அது முடிந்ததும் நாற்காலிகள் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன், கலை ஆர்வத்தால் அல்ல, இன்னொருமுறை வருமோ என்றுதான்.

கிரெகரோவியுஸில் வேறொரு குளியல் இருக்கிறது. 1502 ஜனவரி. மூன்றாவது கல்யாணத்துக்காக ரோமிலிருந்து ஃபெராராவுக்குக் குளிரில் ஊர்வலமாகப் போகிறாள். அல்போன்சோ செத்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. இமோலாவில் ஒருநாள் முழுக்கப் பயணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஏன் தாமதம் என்று ஃபெராராவின் தூதர் தன் பிரபுவுக்கு எழுதுகிறார்: எட்டு நாளாகத் தலைக்குக் குளிக்கவில்லையாம், தலைவலிக்கிறதாம், நாளை தலை அலசிவிட்டுத்தான் கிளம்புவாராம். அத்தனை குதிரைகளும் ஆட்களும் தெருவில் காத்திருக்க, உள்ளே ஒரு 21 வயதுப் பெண் ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ஒருநாளை மட்டும் யாராவது படமாக எடுத்திருந்தால் எழுதுங்கள், பார்க்கிறேன். சப்டைட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.