பி அலையைத் தேடுங்கள்: ஹார்ட் பிளாக் சந்தேகங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. அரசாங்க கிளினிக்கில் எடுத்த ஈசிஜி தாளில் ‘முதல் நிலை ஹார்ட் பிளாக்’ என்று அச்சாகியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். மயக்கம் இல்லை. ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இதற்காக வேண்டாம். ஸ்டென்ட் ரத்தக்குழாய் அடைப்புக்கு வைப்பது. அப்பாவுக்கு இருப்பது, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு தாமதமாகப் போவது. ஈசிஜியில் மேலறையின் மின்துடிப்பைக் காட்டும் சின்ன மேடு பி அலை, கீழறையின் மின்துடிப்பைக் காட்டும் கூரான பகுதி கியூஆர்எஸ். பி அலை தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை சின்னக் கட்டங்களை எண்ணுங்கள். ஒரு கட்டம் 0.04 விநாடி. 3 முதல் 5 வரை இயல்பு. அதைத் தாண்டினாலும் ஒவ்வொரு பி அலைக்கும் கியூஆர்எஸ் வந்துவிட்டால் அது முதல் நிலைதான். மயக்கம் இல்லாதவரை பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. மெட்டோபுரோலாலே இந்தத் தாமதத்தைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் நெஞ்சுவலி வரலாம். மருந்துகளை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். தலைசுற்றி விழுந்தால் 999.

கேள்வி: தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். இரண்டாம், மூன்றாம் நிலைகளை எப்படிப் பிரித்தறிவது? அவசரத்தில் என்ன செய்வார்கள்?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஈசிஜி தாளின் அடியில் உள்ள நீண்ட வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாளின் விளிம்பை அதன் மேல் வைத்து, அடுத்தடுத்த மூன்று பி அலைகளுக்கு நேரே கோடு போடுங்கள். பிறகு தாளை நகர்த்திக்கொண்டே போங்கள். டி அலைக்குள்ளும் (கியூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் மேடு) கியூஆர்எஸ்ஸுக்குள்ளும் ஒளிந்திருக்கும் பி அலைகள் அகப்பட்டுவிடும். இதைச் செய்யாமல் பெயர் சொல்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

இரண்டாம் நிலையில் இரண்டு வகை. பிஆர் இடைவெளி (பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூஆர்எஸ்ஸின் தொடக்கம் வரை) துடிப்புக்குத் துடிப்பு நீண்டு, ஒரு கியூஆர்எஸ் விடுபட்டு, மறுபடி குறுகித் தொடங்கினால் வென்கபாக். தூக்கத்திலும் விளையாட்டு வீரர்களிடமும் இது வரும், பெரும்பாலும் ஆபத்தில்லை. இடைவெளி மாறாமலே இருந்து திடீரென்று கியூஆர்எஸ் விடுபட்டால் மோபிட்ஸ் இரண்டு. நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எந்நேரமும் முழு அடைப்பாக மாறலாம். ஆனால் கியூஆர்எஸ் வராத அந்தப் பி அலை நேரத்துக்கு முன்பே வந்திருந்தால், அது மேலறையின் முந்திய துடிப்பு, பிளாக் அல்ல. மூன்றாம் நிலையில் பி அலைகள் ஒரு சீராகவும், கியூஆர்எஸ் மெதுவாக வேறொரு சீராகவும் ஓடும். ஒன்றுக்கொன்று தொடர்பே இராது.

மயக்கம், தாழ்ந்த ரத்த அழுத்தம், நெஞ்சுவலி இருந்தால் இதயத் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் 1 மில்லிகிராம் ரத்த நாளத்தில் (ஐவி). 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மில்லிகிராம் வரை. மோபிட்ஸ் இரண்டிலும், அகன்ற கியூஆர்எஸ் உள்ள முழு அடைப்பிலும் அட்ரோபின் பெரும்பாலும் கைகொடுக்காது. அதை நம்பிக் காத்திருக்காமல் நெஞ்சில் பேட் ஒட்டி வெளி பேஸிங் (வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்து இதயத்தைத் துடிக்கவைப்பது), அல்லது டோபமின், அட்ரினலின் சொட்டு. கூடவே பொட்டாசியம் பாருங்கள், மாரடைப்பு உண்டா என்றும் பாருங்கள். சரிசெய்யக்கூடிய காரணம் கிடைக்காவிட்டால் நிரந்தர பேஸ்மேக்கர்.

பேஸிங் ஓடும்போது திரையை மட்டும் நம்ப வேண்டாம். பேஸிங் மின்துடிப்பைக் காட்டும் ஒவ்வொரு முள்கோட்டுக்குப் பின்னும் அகன்ற கியூஆர்எஸ் வருகிறதா பாருங்கள். தொடை இடுக்கில் நாடியைத் தொட்டு உறுதிசெய்யுங்கள். கழுத்தில் தொட்டால் தசை துடிப்பதையே நாடி என்று எண்ணிவிடுவீர்கள்.