ஆயா கொடுத்த சீடை: நடத்தைப் பகுப்பாய்வு கேள்வி பதில்

கானாடுகாத்தான், ஒரு தாய்: நாலு வயது மகன் சாயங்காலமானால் அழுது புரளுகிறான். ஆயா சீப்புச் சீடை கொடுத்தால்தான் அடங்குகிறான். இதுவும் வலுவூட்டல்தானா?

ஆமாம், அதுவும் இரண்டு பேருக்கு. அழுதால் சீடை கிடைக்கிறது, அதனால் அழுகை கூடுகிறது. ஒன்றைக் கொடுத்து நடத்தை கூடினால் நேர்மறை வலுவூட்டல். ஆயா பக்கம் பாருங்கள்: சீடையை நீட்டியதும் அழுகை நிற்கிறது, அதனால் அடுத்த முறை கை சீக்கிரமே சீடை டின்னுக்குப் போகிறது. தொந்தரவு விலகி நடத்தை கூடினால் எதிர்மறை வலுவூட்டல்.

சட்டென்று நிறுத்தினால் அழுகை முதலில் ஏறலாம், அப்புறம்தான் இறங்கும். அந்த ஏற்றத்தில் மனம் இளகி ஒரு சீடை கொடுத்துவிட்டால், முன்னைவிடப் பெரிய அழுகைக்குக் கூலி கொடுத்ததாகிவிடும். எப்போதாவது கிடைப்பதால் நிலைத்த பழக்கம் எளிதில் மறையாது. அதனால் சீடை இருக்கட்டும். "ஆயா, சீடை" என்று வாயால் கேட்டவுடன் கொடுக்கச் சொல்லுங்கள். தொடங்கும் முன் சில நாள், எத்தனை தடவை, எத்தனை நிமிடம் அழுகிறான் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். எண்ணாமல் எதையும் மாற்றாதீர்கள்.

தேவகோட்டை, ஆசிரியை: எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே?

இல்லை டீச்சர். நடத்தை கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. கொடுத்தோமா எடுத்தோமா என்பதைத்தான் நேர்மறை, எதிர்மறை சொல்கிறது.

பள்ளத்தூர், ஒரு தந்தை: ஸ்டார் ஸ்டிக்கர் கொடுத்தும் மகள் வீட்டுப்பாடம் எழுதவில்லை.

எழுதுவது கூடவில்லையா? அப்போது அது வெறும் ஸ்டிக்கர். விட்டால் ஓடிப்போய் எதைச் செய்கிறாள் என்று பாருங்கள். எழுதி முடித்ததும் அதைச் செய்ய விடுங்கள். உளவியலாளர் டேவிட் பிரேமாக் 1959இல் சொன்ன வழி இது. எத்தனை வரி எழுதுகிறாள் என்று எண்ணினீர்களா?

காரைக்குடி, கல்வியியல் மாணவர்: ஒரே பிள்ளையை வைத்து ஆய்வு செய்தால் செல்லாது, கட்டுப்பாட்டுக் குழு வேண்டும் என்கிறார் வழிகாட்டி.

தம்பி, இங்கே பிள்ளையே தனக்குக் கட்டுப்பாடு: வேறு பிள்ளைகளோடு ஒப்பிடாமல் அவனை அவனோடே ஒப்பிடுகிறோம். முதலில் தலையீடு, அதாவது நாம் செய்யும் மாற்றம், இல்லாமல் அளக்கிறோம், அது ஏ, பேஸ்லைன் என்பதும் அதுதான். தலையீட்டோடு அளப்பது பி. அதை எடுத்துவிட்டு மறுபடி ஏ, திரும்பக் கொடுத்து மறுபடி பி. கொடுக்கும்போதெல்லாம் வரைபடத்தில் கோடு ஏறி, எடுக்கும்போதெல்லாம் இறங்கினால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. உளவியலாளர் மர்ரே சிட்மன் 1960லேயே இந்த வகை ஆய்வுக்கு முழு நூல் எழுதிவிட்டார். வழிகாட்டியிடம் அதைக் காட்டுங்கள்.

திருப்பத்தூர், சிறப்புக் கல்வி ஆசிரியை: பலன் தருவதைப் பிடுங்கிப் பார்ப்பது பாவமில்லையா?

சுவரில் தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளை என்றால் பாவம்தான், செய்யவே கூடாது. எழுத்துக் கற்ற பிள்ளைக்கு அது பயன்படவும் செய்யாது, கற்றதைத் திரும்ப எடுக்க முடியாதே. அங்கெல்லாம் பல பேஸ்லைன் முறை. வகுப்பு, சாப்பாட்டு நேரம், வீடு மூன்றிலும் ஒரே நாளில் அளக்கத் தொடங்கி, தலையீட்டை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தொடங்க வேண்டும். நடத்தைப் பகுப்பாய்வாளர்கள் பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968இல், எடுத்துப் பார்ப்பது, பல பேஸ்லைன் என்ற இரண்டு முறைகளையும் விளக்கியிருக்கிறார்கள்.

அதே ஆசிரியை: அப்படியானால் எடுத்துப் பார்க்கும் முதல் முறை எதற்கு?

பயனில்லாத பயிற்சியை வருடக்கணக்கில் பிள்ளை தலையில் கட்டுவதும் தீங்குதானே அம்மா? இருக்கையில் உட்காருவது மாதிரி ஆபத்தில்லாத நடத்தையில், சில வகுப்புகளுக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்தோடு எடுத்துப் பார்க்கலாம். பிள்ளை தவித்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

புதுவயல்: எதிர்மறை வலுவூட்டல் என்பது அடிப்பதா?

தேவகோட்டை டீச்சருக்குச் சொன்னதைப் படியுங்கள். இந்தக் கேள்வி இனி வேண்டாம்.

குன்றக்குடி: மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. மருந்து உண்டா?

மருந்து என் துறை இல்லை. தள்ளிப்போடாமல் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள், குழந்தை மருத்துவரையும் பாருங்கள்.

காரைக்குடி மாணவர்: பல பேஸ்லைனில் இரண்டாவது இடத்தில் எப்போது தொடங்குவது?

முதல் இடத்தில் கோடு ஏறி நிலைத்த பிறகு. அதுவரை மற்ற இரண்டும் அசையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் சேர்ந்து ஏறியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கலாம்.