ஐரிஷ் சோடா ரொட்டி: பாலை மாற்றி மோர் ஊற்றுங்கள்

உங்கள் சோடா ரொட்டி உப்பாமல் இறுகி, சோப்புச் சுவை தட்டியதற்குப் பெரும்பாலும் நீங்கள் ஊற்றிய பால்தான் காரணம். பாலுக்குப் பதிலாக, அதே அளவு மோரை, நன்றாகப் புளித்ததாக ஊற்றுங்கள். ஈஸ்ட் இல்லாத இந்த ரொட்டியில், சமையல் சோடாவும் மோரின் புளிப்பும் சேரும்போது எழும் வாயுவே மாவை உப்பச் செய்கிறது. பாலில் அந்தப் புளிப்பு போதாததால் சோடா அப்படியே தங்கிவிடுகிறது.

அயர்லாந்தின் பசுக்களே இந்த ரொட்டிக்கு அடிப்படை என்பேன். 19ஆம் நூற்றாண்டில் பசு வைத்திருந்த பல குடும்பங்கள் வெண்ணெயைக் கார்க் நகரச் சந்தை போன்ற இடங்களில் விற்றுவிட்டு, கடைந்தபின் எஞ்சிய மோரை உருளைக்கிழங்குடன் குடிக்கவும், பின்னர் சமையல் சோடா பரவியபோது ரொட்டி பிசையவும் வைத்துக்கொண்டன.

முதலில் ஒரு கரண்டி மோரில் ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பாருங்கள். உடனே நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் வினிகரில் போடுங்கள்; அதிலும் நுரைக்காத சோடா பழையது.

ஆனால் தண்ணீர் நிறையக் கலந்த மோர் உதவாது, கெட்டியாக இருக்கட்டும். மோர் பட்டவுடன் வாயு வெளியேறத் தொடங்கும் என்பதால், அதிகம் பிசையாமல், முன்பே சூடாக்கிய ஓவனில் உடனே வையுங்கள்.